பழைய மேசைக் கணினி, லினக்ஸ், நான்கு விண்டோஸ் விளையாட்டுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. என் மேசைக் கணினியில் இருப்பது இன்டெல் ஐ5 3470 சிப்பும் 2 ஜிபி நினைவகம் கொண்ட ரேடியான் எச்டி 7850 கிராபிக்ஸ் கார்டும். இரண்டுமே 2012-ல் வந்தவை. விண்டோஸ் 11 கேட்கும் சிப் பட்டியலில் இது இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கிடையாது. ஆனால் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. 16 ஜிபி ரேம் இருக்கிறது, நாள் முழுக்க ஓடினாலும் சூடாவதில்லை. அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. புதிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13-ஐ நிறுவினேன். விண்டோஸ் இருந்த பழைய வன்தட்டைக் கழற்றாமல் அப்படியே விட்டேன்.

எழுத்து வேலை, உலாவி, அச்சுப்பொறி எல்லாம் முதல் நாளே சரியாகிவிட்டன. மீதி இருந்தது விளையாட்டு. வீட்டில் நான்கு விளையாட்டுகள் உண்டு. எனக்கு ஒரு கார் பந்தயம். தம்பிக்குக் கோட்டை கட்டி ஊரை வளர்க்கும் வியூக விளையாட்டு. குறுந்தட்டில் வந்த இருபது வருடப் பழைய சாகச விளையாட்டு ஒன்று. அப்புறம் இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு ஒன்று. தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, என் சேவ் எல்லாம் போயிடுமா?" அவன் அந்தக் கோட்டையை 60 மணி நேரத்துக்கு மேல் கட்டியிருக்கிறான். போகாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது உண்மையா என்று தேட ஆரம்பித்தேன்.

உள்ளே என்ன நடக்கிறது

நான் இரண்டு மாலைகளை வீணாக்கியது இந்த ஒரு விஷயம் புரியாததால்தான். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வைன் என்பது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும், 1993-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். அது விண்டோஸை லினக்ஸுக்குள் தனிக் கணினி போல உருவாக்கி ஓட்டுவதில்லை. விண்டோஸ் நிரல் ஒன்று "இந்தக் கோப்பைத் திற", "இங்கே ஒரு சாளரம் போடு" என்று இயங்குதளத்திடம் கேட்கும் ஒவ்வொன்றுக்கும், விண்டோஸ் இருக்க வேண்டிய இடத்தில் வைன் இருந்து பதில் சொல்கிறது. நிரலின் கட்டளைகளைச் சிப் நேரடியாகவே ஓட்டுகிறது. அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

விளையாட்டுக்கு இது மட்டும் போதாது. படம் வரைய விளையாட்டு, விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டியைக் கேட்கும். லினக்ஸில் டைரக்ட்3டி இல்லை, அதே வேலையைச் செய்யும் வல்கன் இருக்கிறது. இடையில் மொழிபெயர்ப்பது டிஎக்ஸ்விகே. டைரக்ட்3டி 8 முதல் 11 வரை அது பார்த்துக்கொள்ளும். 12 என்றால் விகேடி3டி-புரோட்டான் என்ற இன்னொன்று. வைன், டிஎக்ஸ்விகே, இன்னும் சில திருத்தங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டதுதான் புரோட்டான். விளையாட்டுகளை வாங்கவும் நிறுவவும் வால்வ் தரும் ஸ்டீம் மென்பொருளுக்குள்ளேயே அது வருகிறது.

ஆக, மேலே விளையாட்டு, அதன் கீழே வைன், அதன் கீழே டிஎக்ஸ்விகே, அதன் கீழே வல்கன் டிரைவர், எல்லாவற்றுக்கும் அடியில், இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருக்கும் கிராபிக்ஸ் டிரைவர். ஓர் அடுக்கு சரியில்லை என்றால் அதற்கு மேலே இருப்பவற்றில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. நான் மாற்றிக்கொண்டிருந்தது மேல் அடுக்கை.

இரண்டு வீணான மாலைகள்

கார் பந்தயத்தை ஸ்டீமில் இறக்கினேன். அமைப்புகளில் எல்லா விளையாட்டுகளுக்கும் புரோட்டானைப் பயன்படுத்தச் சொன்னேன். தொடங்கு பொத்தானை அழுத்தியதும் விளையாட்டு திறந்தது, முகப்பும் வந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி ஒரு விநாடி கழித்து நகர்ந்தது. பந்தயத்தைத் தொடங்கியதும் விநாடிக்கு இரண்டு மூன்று பிரேம் மட்டுமே வந்தது. ஒரு வளைவைத் தாண்டவே முடியவில்லை.

புரோட்டானின் வேறு பதிப்பைப் போட்டேன். பழைய பதிப்பு, சோதனைப் பதிப்பு, வெளியில் ஆர்வலர்கள் கட்டும் ஜிஇ-புரோட்டான் என்று ஒன்று விடாமல் முயன்றேன். திரைத் துல்லியத்தைப் பாதியாகக் குறைத்தேன். நிழல், புல், கண்ணாடிப் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் அணைத்தேன். இரண்டு பிரேம் நான்கானது, அவ்வளவுதான். கார்டு பழையது, லினக்ஸில் இதற்கு மேல் வராது போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஆனால் இதே கார்டில், இதே பந்தயம் விண்டோஸில் நன்றாக ஓடியது. அந்த எண்ணம்தான் விடவில்லை.

துப்பு கொடுத்தது மின்விசிறி. விளையாட்டு ஓடும்போது சிப்பின் விசிறி உச்சத்தில் இரைந்தது. கிராபிக்ஸ் கார்டின் விசிறியோ சத்தமே இல்லாமல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கணினியின் சுமையைப் பார்த்தால் சிப்பின் நான்கு கருக்களும் நூறு சதவீதத்தில் நின்றன. அதாவது படத்தை வரைந்துகொண்டிருந்தது சிப். கார்டுக்கு வேலையே போகவில்லை.

சரி, பதிவைப் பார்ப்போம் என்று விளையாட்டின் தொடக்க விருப்பங்களில் "புரோட்டான்_லாக்=1 %கமாண்ட்%" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் பாதி முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை ஓட்டி மூடியதும் இல்ல அடைவில் (ஹோம் ஃபோல்டரில்) ஸ்டீம் என்ற சொல்லோடும் விளையாட்டின் எண்ணோடும் ஒரு பதிவுக் கோப்பு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான வரிகள். அதில் டிஎக்ஸ்விகே, தான் கண்டுபிடித்த கிராபிக்ஸ் சாதனத்தின் பெயரை எழுதும் வரியைத் தேடினேன். அங்கே ரேடியான் இல்லை. "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தது.

கார்டு இல்லாத இடத்திலும் படம் வரைய வேண்டுமே என்பதற்காக, சிப்பை வைத்தே எல்லாவற்றையும் வரையும் மென்பொருள் அது. லினக்ஸின் கிராபிக்ஸ் டிரைவர்கள் அடங்கிய மெசா தொகுப்போடு சேர்ந்து வருகிறது. வல்கனுக்கு வேறு சாதனம் எதுவும் அகப்படாததால் டிஎக்ஸ்விகே அதைப் பிடித்துக்கொண்டது. பிழைச் செய்தி எதுவும் வராததற்குக் காரணம் இதுதான். எல்லாம் முறையாகவே நடந்தன, வேலை மட்டும் தவறான இடத்துக்குப் போனது.

புரோட்டானைத் தொடுவதற்கு முன்பே நான் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. முனையத்தில் வல்கன்இன்ஃபோ கட்டளையைச் சுருக்க வடிவில் ஓட்டியிருக்க வேண்டும். சாதனத்தின் பெயரும் அது எந்த வகை என்பதும் அதில் வரும். வகை என்ற இடத்தில் சிபியு என்று இருந்தால் அங்கேயே நின்று காரணத்தைத் தேட வேண்டும். இரண்டு மாலை போன வேலை பத்து விநாடியில் முடிந்திருக்கும்.

கார்டு ஏன் காணாமல் போனது

டெஸ்க்டாப் வழவழவென்று ஓடியது, காணொளிகள் நன்றாக ஓடின. அதனால் டிரைவரில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு சிறிய கே எழுத்தைச் சேர்த்து ஓட்டினால், கார்டுக்கு எந்தக் கெர்னல் டிரைவர் ஓடுகிறது என்று தெரியும். எனக்கு "ரேடியான்" என்று வந்தது.

லினக்ஸ் கெர்னலில் இந்த வகைக் கார்டுகளுக்கு இரண்டு டிரைவர்கள் உண்டு. ரேடியான் பழையது, ஏஎம்டிஜிபியு புதியது. வல்கனுக்கு முந்தைய வரைகலை இடைமுகமான ஓபன்ஜிஎல் இரண்டிலும் ஓடும். டெஸ்க்டாப்புக்கு அது போதும். ஆனால் மெசாவின் வல்கன் டிரைவரான ஆர்ஏடிவி, ஏஎம்டிஜிபியு மேல் மட்டுமே ஓடும். எச்டி 7850 இரண்டு டிரைவரும் கையாளக்கூடிய எல்லைத் தலைமுறையைச் சேர்ந்தது. இந்தத் தலைமுறைக்குச் சதர்ன் ஐலண்ட்ஸ் என்று பெயர். என் கெர்னல் 6.12. அதில் இந்தத் தலைமுறைக்கு இயல்பாகப் பொருந்துவது பழைய டிரைவர்தான். கெர்னல் 6.19-ல்தான் இந்த இயல்பை மாற்றினார்கள். அதற்கு முந்தைய கெர்னல் வைத்திருப்பவர்கள் கையால் சொல்ல வேண்டும்.

சொல்லும் விதம் எளிது. கணினி தொடங்கும்போது கெர்னலுக்கு இரண்டு அளவுருக்கள் கொடுக்க வேண்டும். ஒன்று, ரேடியான் என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, எஸ்ஐ_சப்போர்ட்=0. இன்னொன்று, ஏஎம்டிஜிபியு, புள்ளி, எஸ்ஐ_சப்போர்ட்=1. முதலாவது பழைய டிரைவரை விலகச் சொல்கிறது, இரண்டாவது புதியதை ஏற்கச் சொல்கிறது. அடுத்த தலைமுறையான சீ ஐலண்ட்ஸ் கார்டு என்றால் எஸ்ஐ வரும் இடத்தில் சிஐகே என்று போட வேண்டும். உங்கள் கார்டு எந்தத் தலைமுறை என்பதை விற்பனைப் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். ஒரே வரிசை எண்ணில் இரண்டு தலைமுறைச் சிப்புகளும் வந்திருக்கின்றன. எச்டி 7790 அதற்கு உதாரணம். எண் 7850-ஐ விடக் குறைவு, ஆனால் சிப் அடுத்த தலைமுறை. எல்எஸ்பிசிஐ காட்டும் சிப்பின் பெயரைப் பாருங்கள். எனக்குப் பிட்கேர்ன் என்று வந்தது, அது சதர்ன் ஐலண்ட்ஸ்.

இங்கே எனக்கு ஒரு தவறு நேர்ந்தது. இரண்டாவது அளவுருவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு நேராக, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் சேமித்துவிட்டேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு பழைய டிரைவர் விலகிவிட்டது, புதியது வரவில்லை. திரை மிகக் குறைந்த துல்லியத்தில், பெரிய பெரிய எழுத்துகளோடு வந்து நின்றது. பயப்பட ஒன்றும் இல்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தினால் தொடக்க வரியைத் திருத்தலாம். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சரியானதை எழுதி எஃப்10 அழுத்தினால், அந்த ஒரு முறைக்கு மட்டும் அது செல்லும்.

இதிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கிரப் பட்டியலில் தற்காலிகமாக எழுதிச் சோதிக்க வேண்டும். எல்லாம் சரி என்று பார்த்த பிறகுதான் அமைப்புக் கோப்பில் எழுதி, கிரப்பைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்ட வேண்டும். கெர்னல் அளவுரு எதைத் தொட்டாலும் இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

அடுத்த தொடக்கத்தில் வல்கன்இன்ஃபோ என் கார்டின் பெயரைச் சொன்னது. கார் பந்தயத்தைத் திறந்தேன். புரோட்டான் பதிப்பை இயல்புக்கு மாற்றினேன், அணைத்த நிழல்களைத் திரும்பப் போட்டேன். விநாடிக்கு 50 பிரேமுக்கு மேல் வந்தது. கார்டின் விசிறி இரையும் சத்தம் கேட்டது. அந்த மாலை அதற்கு மேல் எதையும் தொடவில்லை, ஆறு பந்தயம் ஓட்டினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. புதிய தடத்தில் முதல் சுற்றில் வளைவுக்கு வளைவு ஒரு சின்ன இழுப்பு. இரண்டாவது சுற்றில் அது இல்லை. விளையாட்டு விண்டோஸுக்காகக் கொடுக்கும் ஷேடர்களை (படத்தின் ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்களை) டிஎக்ஸ்விகே வல்கன் புரிந்துகொள்ளும் ஸ்பிர்-வி வடிவத்துக்கு மாற்றுகிறது. டிரைவர் அதைத் திரும்பவும் கார்டின் சொந்தக் கட்டளைகளாக மாற்றுகிறது. அந்த வேலை முதல் முறை படம் தேவைப்படும்போது நடப்பதால் இழுக்கிறது. செய்து முடித்ததைச் சேமித்து வைப்பதால் மறுமுறை இழுப்பதில்லை. டிரைவரைப் புதுப்பித்தால் மட்டும் திரும்ப ஒரு முறை வரும். இதற்காக எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பழைய வன்தட்டு

தம்பியின் விளையாட்டு 40 ஜிபிக்கு மேல். விண்டோஸ் வன்தட்டில் அது ஏற்கெனவே இருக்கிறதே, எதற்குத் திரும்ப இறக்க வேண்டும் என்று அந்தத் தட்டையே ஸ்டீமுக்கு இன்னொரு நூலகமாகக் காட்டினேன். விளையாட்டு பட்டியலில் வந்தது. தொடங்கு என்று அழுத்தினால் பொத்தான் ஒரு நொடி நிறம் மாறிவிட்டு பழைய நிலைக்கே திரும்பியது. பிழைச் செய்தி இல்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. விண்டோஸில் வேகத் தொடக்கம் என்ற வசதி இயல்பாகவே இயங்கும். அது இருக்கும்போது கணினியை அணைத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்க நிலையில்தான் நிற்கும். லினக்ஸ் அந்தத் தட்டைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. விண்டோஸைக் கடைசியாக ஒருமுறை தொடங்கி அந்த வசதியை நிறுத்தி, முழுமையாக அணைத்த பிறகு எழுத முடிந்தது.

அப்போதும் விளையாட்டு ஓடவில்லை. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தனி விண்டோஸ் சூழலை அடைவாக உருவாக்குகிறது. அதற்குள் சி டிரைவ், ரெஜிஸ்ட்ரி கோப்புகள் எல்லாம் உண்டு. சி டிரைவைக் குறிக்கும் சிறு இணைப்பின் பெயரே "சி" எழுத்தும் முக்காற்புள்ளியும்தான். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் உள்ள தட்டில் முக்காற்புள்ளி உள்ள பெயர் விண்டோஸுக்கு ஆகாது. அப்படிப் பெயர் வைக்க விடாதபடி தட்டு இணைக்கப்பட்டிருந்தால் சூழல் உருவாகாமல் அங்கேயே முறிந்துவிடும். உருவானாலும் விண்டோஸ் பிறகு அந்தத் தட்டைச் சரிபார்க்கும்போது அந்தக் கோப்புகளைத் தவறென்று எடுத்துக்கொள்ளலாம்.

சூழல் அடைவை மட்டும் லினக்ஸ் தட்டுக்குத் திருப்பிவிடும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. விளையாட்டின் கோப்புகளை லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 பிரிவுக்கு நகலெடுத்தேன். ஸ்டீமில் அதே இடத்தில் நிறுவச் சொல்லி, கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னேன். நகலானவற்றை அது ஏற்றுக்கொண்டு குறைந்ததை மட்டும் இறக்கியது. 40 ஜிபியை வட்டிலிருந்து வட்டுக்கு மாற்றுவது கொஞ்ச நேர வேலை. இரண்டு இயங்குதளமும் ஒரே தட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது வரும் சிக்கல்களைத் தேடித் தீர்க்க நாள்கணக்காகும்.

விளையாட்டு திறந்தது. கதையை அறிமுகப்படுத்தும் காணொளி வர வேண்டிய இடத்தில், தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றபோது வருமே, அந்த வண்ணப் பட்டைகள் வந்தன. ஒலியும் இல்லை. அதைத் தாண்டினால் விளையாட்டு சரியாக ஓடியது.

காரணம் நான்தான். விளையாட்டுக் காணொளிகள் சில காப்புரிமை உள்ள வடிவங்களில் இருக்கும். புரோட்டான் அவற்றை நேராகத் திறப்பதில்லை. ஸ்டீம் அவற்றுக்கு ஈடாக, கட்டற்ற வடிவத்துக்கு மாற்றிய நகல்களைத் தருகிறது. அந்த நகல்கள் வருவது ஷேடர் முன்தேக்கம் என்ற வசதி வழியாக. ஷேடர் என்ற பெயரைப் பார்த்து, இடத்தை அடைக்கிறது என்று நான் முதல் வாரமே அதை அணைத்திருந்தேன். காணொளிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று பெயரை வைத்து யாருக்கும் தெரியாது. திரும்ப இயக்கியதும் ஒரு சிறு பதிவிறக்கம் நடந்தது. அடுத்த முறை காணொளி முழுதாக, ஒலியோடு ஓடியது.

தம்பி இதற்குமேல் ஒரு கூடுதல் தொகுப்பும் போட்டிருந்தான். புதுக் கட்டடங்கள் தரும் மாட் அது. அதை விரித்தபோது பாதிக் கட்டடங்கள் வரவில்லை. பார்த்தால் ஒரே பெயரில் இரண்டு அடைவுகள். ஒன்றின் முதல் எழுத்து பெரியது, இன்னொன்றில் சிறியது. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸின் கோப்பு முறைக்கு வேறு வேறு. ஒரே ஓர் அடைவு இருந்தால் வைன் எழுத்து வித்தியாசத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும். இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றைத்தான் எடுக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததும் கட்டடங்கள் எல்லாம் வந்தன. மாட் போடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

குறுந்தட்டு விளையாட்டு

இந்தப் பழைய விளையாட்டு 32 பிட், டைரக்ட்3டி 9. குறுந்தட்டைப் போட்டு வைன் மூலம் நிறுவினேன். நிறுவல் முடிந்தது, ஆனால் தொடங்கியதும் மூடிக்கொண்டது. அந்தக் காலத்துத் தட்டுகளில் நகல் தடுப்புப் பூட்டு ஒன்று இருக்கும். தட்டு அசல்தானா என்று பார்க்க அது விண்டோஸ் கெர்னலுக்குள் தனக்கென ஒரு டிரைவரை ஏற்றும். வைனிடம் விண்டோஸ் கெர்னல் இல்லை. சேஃப்டிஸ்க் என்ற அந்தப் பூட்டு விண்டோஸ் 10-லும் இயங்காது. அதனால் இதில் நேரம் செலவழிப்பது வீண் என்று முடிவு செய்தேன். அதே விளையாட்டு பூட்டு இல்லாமல் இணையக் கடையில் கிடைத்தது, அதை வாங்கிக்கொண்டேன்.

அதுவும் ஓடவில்லை. ஆனால் இந்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கார் பந்தயமும் கோட்டையும் 64 பிட், அவை ஓடுகின்றன. இது 32 பிட், இது ஓடவில்லை. அப்படியானால் 32 பிட் வல்கன் டிரைவர் இருக்கிறதா? இல்லை. டெபியனில் 32 பிட் தொகுப்புகளைத் தனியாக அனுமதிக்க வேண்டும். ஸ்டீமுக்காக அதைச் செய்திருந்தேன். ஆனால் தொகுப்புகளை நிறுவும்போது "பரிந்துரைக்கப்பட்டவை வேண்டாம்" என்று சொல்வது என் பழக்கம். மெசாவின் 32 பிட் வல்கன் டிரைவர் அந்தப் பரிந்துரைகளோடு சேர்ந்து நழுவிவிட்டது. அதைத் தனியாக நிறுவியதும் விளையாட்டு திறந்தது.

பிறகு சில்லறை வேலைகள். இதற்கென்று தனிச் சூழல் அடைவு ஒன்று கொடுத்தேன். பழைய டைரக்ட்எக்ஸ் துணைக் கோப்புகளை, வைனுக்கான துணைக் கருவியான வைன்ட்ரிக்ஸ் மூலம் சேர்த்தேன். விளையாட்டு அகலத்திரையை அறியாதது, படம் பக்கவாட்டில் இழுபட்டது. வைனின் அமைப்புக் கருவியான வைன்சிஎஃப்ஜியில் மெய்நிகர் டெஸ்க்டாப்பை இயக்கி 1024-க்கு 768 என்று கொடுத்ததும் முகங்கள் சரியான வடிவத்துக்கு வந்தன. எல்லாவற்றையும் ஒரே சூழலில் நிறுவாதீர்கள். ஒரு விளையாட்டுக்காகச் சேர்த்த துணைக் கோப்பு இன்னொன்றைக் கெடுக்கும். தனித்தனியாக இருந்தால் கெட்டுப்போனதை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

நான்காவது, இணையத் துப்பாக்கி விளையாட்டு. இது ஓடவில்லை, ஓடவும் ஓடாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களும் 2021 செப்டம்பரில் புரோட்டானுக்கு வழி திறந்தன. ஆனால் ஒவ்வொரு விளையாட்டையும் உருவாக்கியவர்கள் தாங்களே அதை அனுமதிக்க வேண்டும். எங்கள் விளையாட்டுக்கு அந்த அனுமதி இல்லை. கெர்னலுக்குள் ஏறி உட்காரும் தடுப்பு வேறு சில விளையாட்டுகளில் இருக்கிறது. அவற்றுக்கும் குறுந்தட்டுப் பூட்டுக்குச் சொன்னதேதான். இதைச் சுற்றிப்போக வழி தேட நான் விரும்பவில்லை. கணக்கு முடக்கப்படலாம். அதைவிட, அந்தத் தடுப்பு நேர்மையாக ஆடுபவர்களுக்காக இருக்கிறது. ஒரு விளையாட்டை வாங்குவதற்கு முன் அது லினக்ஸில் ஓடுமா என்று பயனர்கள் எழுதி வைத்திருப்பதைப் புரோட்டான்டிபி இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பலரோடு ஆடும் விளையாட்டு என்றால் இது மிகவும் அவசியம்.

தம்பியின் கோட்டை

கடைசியாக, வாக்குக் கொடுத்த வேலை. அந்த விளையாட்டுக்கு மேகச் சேமிப்பு இல்லை. விண்டோஸில் அது சேமிப்புகளை ஆவணங்கள் அடைவுக்குள் தன் பெயரில் வைத்திருந்தது. லினக்ஸில் அதே இடம் புரோட்டானின் சூழலுக்குள் இருக்கிறது. ஸ்டீம்ஆப்ஸ் அடைவுக்குள் காம்பாட்டேட்டா, அதற்குள் விளையாட்டின் எண், அதற்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், அதற்குள் ஆவணங்கள். விளையாட்டை ஒருமுறையாவது திறந்து மூடியிருந்தால்தான் இந்த அடைவுகள் இருக்கும். அதனால் புதிதாக ஒரு சிறு ஊரைத் தொடங்கிச் சேமித்தேன். அந்தச் சேமிப்பு எங்கே வந்து விழுகிறது என்று பார்த்து இடத்தை உறுதி செய்துகொண்டேன்.

பழைய வன்தட்டிலிருந்து சேமிப்பு அடைவை முதலில் ஒரு தனி யுஎஸ்பியில் நகலெடுத்து வைத்தேன். பிறகு புரோட்டான் சூழலில் அதே பெயருள்ள அடைவுக்குள் ஒட்டினேன். கோப்புகளின் உரிமையாளர் என் பயனர் பெயர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். விளையாட்டைத் திறந்து, பட்டியலுக்குப் போகும்வரை தம்பி நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

பட்டியலில் பதினொரு சேமிப்புகள் இருந்தன. மேலே இருந்தது கடைசியாக அவன் ஆடியது. திறந்ததும் கோட்டை வந்தது. வடக்கு மதில் பாதி உயரத்தில் நின்றது, கல் வண்டிகள் வாசலில் வரிசையாகக் காத்திருந்தன. "தள்ளு அக்கா" என்று நாற்காலியை வாங்கிக்கொண்டு, முதல் வண்டியை உள்ளே அனுப்பினான்.